புளித்த மாவுக்குள் இருப்பது

தோஸ்து,

இன்று காலை குளியலறை வாசலில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பயந்துபோய் ஓடிவந்தாள். ஒன்றுமில்லையம்மா என்று கையிலிருந்த சோப்புத் தூள் பாக்கெட்டைக் காட்டினேன். துணி துவைக்கிற தூள். அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் என்சைம் கலந்தது என்று போட்டிருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் என் முகத்தையே பார்த்தாள். புளித்த மாவின் பேரைச் சொல்லிச் சட்டை வெளுக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னால் டாக்டரைக் கூப்பிடுவாள். இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

"பேருக்குள்ள பூந்து பாரு மாமு, உள்ள எவனாவது குந்திகினு இருப்பான்." இது உன் வேதவாக்கு. பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது ரயிலில் எல்லாரும் கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். நீ மட்டும் பேசின் என்றால் தொட்டி, கால்வாய்ப் படகுகள் வந்து நின்ற தொட்டி என்று பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் எடுப்பாய். அவர் கேட்டாரா இல்லையா என்பதெல்லாம் உனக்குக் கவலையில்லை. ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவரின் மகன், ராயபுரத்துப் பாஷை பேசிக்கொண்டே ரசாயனத்தில் பட்டம் வாங்கி, மருத்துவக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனவன். அங்கே வேலை முடிந்ததும் நீ போகிற இடம் நூலகம். அதில் நீ படிக்கிற புத்தகம் அகராதி. அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படித்த மனுஷன் என் வாழ்நாளில் நீ ஒருவன்தான்.

எங்கள் ரொட்டிக்கடை அப்போது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லச் சொல்லச் சுகமாக இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் கருவாட்டு வாசனை, மறு முனையில் எங்கள் செங்கல் அடுப்பு. அப்பா தெற்கே சாயர்புரத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, வேறொருவர் கடையில் மாவு பிசைந்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். ரொட்டி பொங்குவதற்குக் கள்தான். காலடிப்பேட்டைப் பக்கத்துத் தோப்பிலிருந்து தினமும் ஒருவர் சைக்கிளில் பானை கட்டிக்கொண்டு வருவார். அந்தக் காலத்தில் மெட்ராஸ் ரொட்டிக்கடைக்காரர்கள் பலரும் அப்படித்தான். அப்பா ஒரு சொட்டு நாக்கில் வைத்தவரில்லை. "அது மாவுக்கு, மனுசனுக்கு இல்ல" என்பார்.

உன் அம்மாவுக்கு அந்த வியாக்கியானம் செல்லாது. கள் விட்டுப் பொங்கின பண்டம் தன் வீட்டுக்குள் வரக்கூடாது, தன் பிள்ளை வயிற்றுக்குள்ளும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். நீயும் வாக்குக் கொடுத்திருந்தாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாளிலிருந்து நம் சிநேகிதம். அத்தனை வருஷத்தில் எங்கள் ரொட்டியில் ஒரு துணுக்கு நீ தின்றதில்லை. ஆனால் அடுப்பைத் திறக்கிற நேரத்துக்கு டாண் என்று வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாய். கண்ணை மூடி மூச்சை இழுப்பாய். "வாசனை ஹராம் இல்ல மாமு." என் அம்மா உனக்கென்று முறுக்குச் சுட்டு டப்பாவில் வைத்திருப்பாள். ரொட்டிக்கடைக்கு வந்து முறுக்குத் தின்கிற ஒரே ஆள் என்று உன்னைத் தெருவே கிண்டல் செய்தது.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மதுவிலக்கு மெட்ராசுக்கும் வந்துவிட்டது. கள்ளுக்கடைகளை மூடியதில் குடித்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். குடிக்காத என் அப்பா பட்ட பாடு யாருக்கும் தெரியாது. சைக்கிள்காரர் கடைசிப் பானையை இறக்கிவைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தோம். அதன்பிறகு கப்பல் சாமான் விற்கிற கடையில் சீமை ஈஸ்ட் டின் ஒன்று வாங்கினோம். திறந்தால் செத்துப் போயிருந்தது. இட்லி மாவைக் கலந்து பார்த்தோம். ரொட்டி தட்டையாகி வாயில் வைக்க முடியாமல் புளித்தது. ஹார்பர் கேன்டீன்காரர் ஒரு ரொட்டியை மேஜைமேல் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ரொட்டி கேட்டா செங்கல்லு அனுப்பிச்சிகீறே" என்றார். அடுத்த வாரம் அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய சமயம் அப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தீர்ப்புச் சொன்னார். "ஈஸ்டருக்குள்ள ரொட்டி பொங்கலன்னா கடையப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருவோம். அண்ணாச்சி கருப்பட்டி யாவாரத்துக்கு ஆள் தேடுதாவ." நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன். எனக்கு ராயபுரம்தான் ஊர். சாயர்புரம் என்பது பள்ளிக்கூட லீவுக்குப் போய்வருகிற இடம். அதைவிட, நீ இல்லாத ஊரில் நான் கருப்பட்டி மூட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அழுகை வந்தது. மறுநாள் உன்னிடம் சொன்னேன். நீ முறுக்கைக் கீழே வைத்துவிட்டாய். அதற்குமுன் நீ முறுக்கைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

"கயித போவட்டும். நீ எங்கியும் போவ மாட்டே" என்றாய். நேரே நூலகம் போனாய். போனவன் அடுத்த நாள் மூச்சிரைக்க ஓடிவந்து, அடுப்படியில் நின்று எனக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தாய்.

"என்சைம்! கிரேக்கத்துல 'என்'னா உள்ள. 'சைமே'ன்னா புளிச்ச மாவு. புளிச்ச மாவுக்குள்ள கீறது. அவ்ளோதான் மாமு. ஒரு ஜெர்மன்காரன் வெச்ச பேரு, அப்படியே இங்கிலீசுக்கு வந்துடுச்சு."

அதன் பின்னால் இருந்த சண்டையையும் சொன்னாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய தலைகளெல்லாம் மோதிக்கொண்ட சண்டை. சர்க்கரை புளித்துப் பொங்குகிறதே, அது ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் நடக்கிறதா, அல்லது அதற்குள் இருக்கிற ஏதோ ஒரு பொருள் செய்கிற வேலையா? அந்தப் பொருளைத் தனியாகச் சுட்டிக்காட்டத்தான் 'உள்ளே இருப்பது' என்ற பொருளில் இந்தப் பேரை வைத்தார்கள். பிற்பாடு இன்னொரு ஜெர்மன்காரர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, வெறும் சாற்றை மட்டும் சர்க்கரையில் விட்டார். அதுவும் பொங்கியது. உயிர் தேவையில்லை, உள்ளே இருப்பது போதும் என்று ஆகிவிட்டது.

உன் கண் பளபளத்தது. "கடசிப் பானைல மண்டி இருக்குல்ல?" என்றாய். இருந்தது. கடைசிக் கள்ளின் அடிமண்டியை அம்மா ஒரு கலயத்தில் மூடி வைத்திருந்தாள். நாம் கடற்கரைக்குப் போய் மணல் அள்ளிவந்து, கழுவி, காயவைத்து, என் அம்மாவின் அம்மியில் அந்த மண்டியோடு போட்டு அரைத்தோம். நீ அரைக்க நான் தள்ள, நான் அரைக்க நீ தள்ள. என் புதுத் துண்டில் வைத்துப் பிழிந்தோம். பழுப்பு நிறத்தில் ஒரு சாறு வந்தது. அதை மாவில் விட்டுப் பிசைந்து, இரண்டு பேரும் குழந்தை பிறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றோம். நாலைந்து குமிழி வந்தது. அதோடு சரி.

ரேஷன் மாவை வீணாக்க முடியாதே, அதையும் சுட்டோம். அப்பா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். நறநற என்று சத்தம் வெளியே கேட்டது. மணல். துப்பிவிட்டு, கலயத்தை எட்டிப் பார்த்தார். அது துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"ஏல, உயிரோட கெடந்ததையும் அரைச்சுப்புட்டீயளா? கொஞ்சம் கருப்பட்டித் தண்ணி ஊத்தி வச்சிருந்தா அது பாட்டுக்குப் பெருகியிருக்குமேல! உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு ஆக்கிட்டீயளே!"

அம்மாவுக்கு மண்டியைப் பற்றிக் கவலையில்லை. அம்மியில் மணல் போட்டதுதான் ஆறவில்லை. நீ தலையில் கைவைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாய். நமக்கு மிச்சமிருந்த ஒரே உயிருள்ள ஈஸ்ட்டை, உயிர் தேவையில்லை என்று நிரூபிப்பதற்காகக் கொன்றிருந்தோம். ராயபுரத்தில் இந்தத் தப்பைச் செய்ய நம் இரண்டு பேரால்தான் முடியும். அதன்பிறகு சில நாள் உன் தலையே தெரியவில்லை.

நீ திரும்பி வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலிலிருந்தே கத்தினாய். "மாமு, முன்பாதிய மட்டும் பார்த்துட்டோம்! 'என்', 'என்'னுகினு அலைஞ்சோமே, பின்னாடி கீறத உட்டுட்டோம். 'சைமே'! புளிச்ச மாவு! அந்தக் கிரேக்கன் இன்னா, காலடிப்பேட்டைல கள்ளு வாங்கினானா? நேத்து மாவுல ஒரு பிடிய எடுத்து வெச்சான், இன்னிக்கி மாவுல போட்டான். அதத்தான் அவன் 'சைமே'ன்னான். பேர்லியே வேல கீது!"

பழைய மாவில் ஒரு பிடி. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அப்பா சிறுவயதில் ஊரில் ஓர் உபதேசியாரின் பிரசங்கம் கேட்டிருக்கிறார். பழைய புளித்த மாவு பழைய பாவம் மாதிரி, துளி இருந்தாலும் முழுவதையும் கெடுக்கும் என்று அந்தப் பெரியவர் முழங்கியிருக்கிறார். அது உவமை என்பது அப்பாவுக்கு உறைக்கவில்லை. கடை போட்ட நாளிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் மாவுத் தொட்டியைச் சுரண்டி, கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் அவருக்குச் சாப்பாடு. முந்தின நாள் மாவு மறுநாள் மாவைத் தொடக்கூடாது. நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "பழசக் கழிச்சிப் போடணும்ல. அதைச் சேத்துவச்சு யாவாரம் செய்யச் சொல்லுதியா?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கள்ளு ஊத்துன மாவு பரிசுத்தம், வெறும் மாவு பாவமாக்கும்?" அப்பா காது கேளாதவர் போல எழுந்து போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இடமில்லை என்றதும் நீ உன் வீட்டில் தொடங்கினாய். எங்கள் ரொட்டியை வாசலிலேயே நிறுத்திய உன் அம்மாதான் அந்தச் சட்டியை வளர்த்தார். மாவு, தண்ணீர், நாலு உலர்ந்த திராட்சை. கள்ளின் வாடைகூட இல்லை. தினமும் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புது மாவு போட்டு, வெள்ளைத் துணியால் மூடி வைத்தார். நான் பார்க்க வந்த நாளில் துணியை விலக்கிக் காட்டினார். "சும்மா கெடக்க மாட்டேங்குதுப்பா, பொங்கிகினே கீது. ராவெல்லாம் முணுமுணுங்குது" என்றார். அலுத்துக்கொண்டது மாதிரிதான் சொன்னார், ஆனால் முகமெல்லாம் பெருமை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கையில், குருத்தோலை ஞாயிறு மத்தியானம் அப்பா தகர டின்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும் ஏற்பாடு. நீ எங்கள் தட்டை ரொட்டி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாய்.

"நைனா, ஒரு துண்டு வாயில போடு. மென்னுகினே இரு. முயுங்கிடாதே."

அப்பா உன்னை மேலும் கீழும் பார்த்தார். உன்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. மணல் ரொட்டிக்குப் பிறகு நம்பிக்கைதான் இல்லை. ஆனாலும் வாயில் போட்டார். மென்றார். மாடு அசை போடுவது போல மென்றுகொண்டே இருந்தார். நீ அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, "இன்னும், இன்னும்" என்றாய். நானும் அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் புருவம் உயர்ந்தது. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசினார்.

"இனிக்குதேல! இதுல யாரு சீனி போட்டா?"

"யாரும் போடல நைனா. உன் எச்சிதான். உன் வாய்லியே ஒண்ணு கீது, அது மாவ சர்க்கரையா ஆக்குது. எங்க காலேஜுல அதுக்குப் பேரு என்சைம். அர்த்தம் இன்னா தெரியுமா? புளிச்ச மாவுக்குள்ள கீறது. வாய்ல கீது, வயித்துல கீது, ரத்தத்துல கீது. பழசக் கழிச்சிப் போடுன்னா இன்னாத்த கழிப்பே? நீ மொதல்ல வாயக் கழட்டி வைக்கணும்."

அப்பா விழுங்கினார். அவர் முகத்தில் பாதி சம்மதம் தெரிந்தது. மீதிப் பாதி இன்னும் அந்த உபதேசியாரிடம் இருந்தது. நீ அதற்கும் ஏற்பாட்டோடுதான் வந்திருந்தாய். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னாய். டாக்டர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதற்கு முன்னாலேயே இங்கிலீஷில் பாதிரிமார் அதை வைத்துக்கொண்டிருந்தார்கள். கிரேக்கத் திருச்சபையில் பலிபீடத்தில் வைக்கிற ரொட்டி புளித்த மாவில் செய்தது. அந்த ரொட்டிக்கும் இதே பேர்தான். பெரிய அகராதியில் போட்டிருக்கிறது.

"கோயில்லயா?" என்றார் அப்பா.

"பலிபீடத்துல நைனா. உன்னாண்ட நான் பொய் சொல்வனா?"

அப்பா டின்னைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். மாவுத் தொட்டியைத் திரும்பிப் பார்த்து, "உங்கம்மைகிட்ட ஒரு கை மாவு வாங்கிட்டு வாடே" என்றார். நீ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாய்.

அந்த ஒரு கை மாவை வாரம் முழுக்கச் சட்டியில் பெருக்கி, ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானமே பிசைந்துவிட்டோம். அப்பா தொட்டிக்கு ஈரத்துணி போர்த்தினார். கள்ளில் பொங்குவதுபோல வேகம் இல்லை. இருட்டும்வரை ஒன்றையும் காணோம். எனக்குச் சாயர்புரம் கண்முன்னால் வந்தது. விடியற்காலை அம்மா வந்து எழுப்பினாள். "வந்து பாருல" என்றாள், அவ்வளவுதான். ஓடினேன். நீ எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாய். மாவு தொட்டியின் விளிம்பைத் தாண்டி, ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு பிடியைக் கிள்ளி எடுத்து, ஒரு சட்டியில் போட்டு மூடி, அலமாரி மேல்தட்டில் வைத்தார். அந்தத் தொட்டியிலிருந்து அவர் மறுநாளைக்கென்று எடுத்து வைத்த முதல் மாவு அது.

அடுப்பிலிருந்து முதல் ஈடு வெளியே வந்தபோது வாசனை தெருமுனைக் கருவாட்டையே அமுக்கிவிட்டது. வழக்கமாக முதல் ரொட்டியை அப்பாதான் பிட்டுச் சோதிப்பார். அன்று அதை அப்படியே துண்டில் சுற்றி உன்னிடம் கொடுத்தார். "இது உங்கம்மைக்கு. அவியதான முதலாளி" என்றார். மூன்று பேரும் தெருவில் நடந்தோம். உன் வீட்டு வாசலுக்கு வந்ததும் உன் அம்மா ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும்தான். அவர் விழுங்கிவிட்டு உன்னைப் பார்த்து, "அட பாவி, இவ்ளோ நாளா இத்தையா வெறும் வாசம் புடிச்சிகினு வந்தே?" என்றார்.

பிறகு உன் கையில் ஒரு பெரிய துண்டைக் கொடுத்தார். நீ சாப்பிட்டாய். சூடு தாங்காமல் நாக்கைச் சுழற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாய். அன்று ஒரு நாள்தான் நீ எதற்கும் பேர்க்காரணம் சொல்லவில்லை. அப்பா கைகட்டிக்கொண்டு நின்று நீ தின்பதைப் பார்த்தார். ஊருக்குப் போகிற பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை. நான் ராயபுரத்திலேயே கல்யாணம் செய்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே கிழவனானேன்.

பிற்பாடு தமிழில் என்சைமுக்கு, மாவு நொதித்துப் புளிக்கிறது என்பதிலிருந்து, நொதி என்று பேர் வைத்தார்கள் என்று கேட்டு நீ கடைக்கு ஓடிவந்து துள்ளினாயே, அதையும் எழுத வேண்டும். "பாத்தியா மாமு, நம்மாளும் மாவுலதான் கை வெச்சிகீறான்!" என்று எதிரில் நின்ற வாடிக்கையாளரைக் கட்டிப் பிடித்தாய். அவர் பன் வாங்க வந்தவர், பாவம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். கிரேக்கம் எனக்கு இரண்டு சொல்தான் தெரியும், அதுவும் உன் உச்சரிப்பில். எந்தப் பேரைக் கேட்டாலும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற புத்தி இருக்கிறது. அதனால்தான் குளியலறை வாசலில் சிரிக்கிறேன். ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது வேறொன்று. உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று உன் வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். எங்கள் கடை ரொட்டி. பெரியவர்கள், உன் மசூதி ஆட்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். இது எதில் பொங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.